சேற்றுக்குள் நடக்கும் வேலை

பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் தோழி ஒருத்தி சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸ் நகலைக் கொண்டு வந்தாள். இரண்டு ஆண்டுகளாக அவளுடைய அம்மா அதை வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். உறையிலிருந்து தாளை உருவியதும் எங்களுக்குத் திகைப்பாகிவிட்டது. எழுத்துகளில் பாதி தாளில் இருந்தன. மீதிப் பாதி உறையின் உட்புறத்தில் இடம் வலம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அசல் சான்றிதழும் அதே போன்ற உறையில்தான் இருக்கிறது என்று நினைவு வந்ததும் அவள் அழத் தொடங்கினாள். மாலையில் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தபோது அசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அச்சு மையால் ஆனது. ஆனால் அன்றிரவு அவள் வீட்டில் எல்லாரும் எல்லா உறைகளையும் பிரித்துப் பார்த்தார்களாம்.

அந்த உறையை வாங்கிப் பார்த்த எங்கள் வேதியியல் சிஸ்டர், "இதைத் தூக்கிப் போடாதீர்கள். கார்பன் பாடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது" என்றார். அப்படித் தொடங்கியதுதான் இக்கட்டுரை. உறையில் தொடங்கி விடுதியின் கோபர் கேஸ் தொட்டி வரை அது எங்களை இழுத்துக்கொண்டு போனது.

எழுத்து ஏன் இடம் மாறியது? அந்த உறை பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். நம் வீடுகளில் தண்ணீர் வரும் குழாய்களும் பி.வி.சி.தான், குழாயை மடித்துப் புத்தகப் பைக்குள் வைக்க முடியுமா? உறையை மடிக்க முடிகிறது. காரணம், உறை செய்யும்போது பி.வி.சி.யோடு எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்திருக்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். நாங்கள் 'இளக்கி' என்று சொல்லிக்கொண்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறோம். 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்னும் வேதியியலார், பி.வி.சி.யைக் கொதிநிலை மிகுந்த திரவங்களோடு சேர்த்துச் சூடாக்கியபோது அது ரப்பர் போல வளைவதைக் கண்டார். அன்றுமுதல் மழைக்கோட்டு, மேசை விரிப்பு, தோட்டத்துக் குழாய், மின்கம்பியின் மேலுறை என்று அது பெருகிவிட்டது. மிகவும் மெத்தென்று இருக்கும் பி.வி.சி. பொருள்களின் எடையில் 30 முதல் 40 சதவீதம் இளக்கியாகவே இருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இளக்கி பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டிருப்பதில்லை. பூரி மாவில் பிசைந்த எண்ணெய் போல உள்ளே ஊறி நிற்கிறது, அவ்வளவுதான். பூரியைத் தாளில் வைத்தால் எண்ணெய் தாளுக்குப் போவது போல, இளக்கியும் தொடும் பொருளுக்குப் போகும். ஜெராக்ஸ் எழுத்து என்பது மையல்ல. தாளின் மேல் சூட்டால் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். உறையிலிருந்து வந்த இளக்கி அந்தத் தூளையும் இளக்கிவிட்டது. இளகிய எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டது. பழைய மேசை விரிப்புகள் விறைத்து வெடிப்பதற்கும் இளக்கி வெளியேறிப் போவது ஒரு முக்கிய காரணம்.

பெற்றோர்களுக்கு ஒரு விளக்கம். எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இளக்கி இருக்கிறது என்று அஞ்ச வேண்டாம். பால் பாக்கெட்டு பாலிதீன். அதை மெதுவாக்க இளக்கி தேவையில்லை. தண்ணீர் பாட்டிலின் முழுப்பெயரில் 'டெரிதாலேட்' என்று வந்தாலும் அது இளக்கி அல்ல. அங்கே அது பிளாஸ்டிக்கின் உடம்பாகவே கட்டப்பட்டிருக்கிறது. நாங்களும் முதலில் இந்தப் பெயரால் ஏமாந்து, பாட்டில்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டோம்.

இளக்கிகளில் நெடுங்காலம் மிகுதியாகப் பயன்பட்டவை தாலேட்டுகள். இவற்றின் அமைப்பை நாங்கள் மதிய இடைவேளையில் மைதானத்தில் நின்று கற்றோம். ஆறு பேர் கைகோத்து வட்டமாக நின்றோம். அது பென்சீன் வளையம், ஆறு கார்பன் அணுக்கள். அடுத்தடுத்து நின்ற இரண்டு பேர் முதுகில் மட்டும் பை மாட்டிக்கொண்டார்கள். அவை இரண்டு கார்பாக்ஸில் தொகுதிகள். இப்படி நின்றால் அது தாலிக் அமிலம். ஒவ்வொரு பையிலும் ஒரு துப்பட்டாவை வாலாகக் கட்டினால் அது தாலேட் எஸ்டர். வால் என்பது ஓர் ஆல்கஹாலிலிருந்து வந்தது. ஒரே கார்பன் உள்ள குட்டை வாலும் உண்டு. நான்கு கார்பன் உள்ள வாலும் உண்டு. உலகில் மிக அதிகம் புழங்கிய டி.இ.எச்.பி. என்னும் தாலேட்டின் வாலில் எட்டு கார்பன்கள், அதுவும் கிளை விட்ட வால். இந்தக் கிளை விட்ட வால் பின்னால் நமக்குத் தொல்லை கொடுக்கப் போகிறது.

இளக்கியை முற்றிலும் கெட்டவனாக எழுதிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. 1950-ஆம் ஆண்டளவில் பாஸ்டன் நகர மருத்துவர் கார்ல் வால்டர் பிளாஸ்டிக் இரத்தப் பையைக் கொண்டுவருவதற்கு முன், தானமாகப் பெற்ற இரத்தம் கண்ணாடிப் புட்டிகளில்தான் இருந்தது. புட்டி உடையும், காற்றுக் குமிழி புகும். மெத்தென்ற பை வந்தபின் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. பின்னர் 1970-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேகர், ரூபின் என்ற இருவர், பையிலிருந்து இளக்கி இரத்தத்துக்குள் கசிவதைக் காட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அப்படிக் கசியும் டி.இ.எச்.பி., சேமித்து வைத்த சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கவும் செய்கிறது. அதனால்தான் அதற்கு மாற்று காண்பது எளிதாக இல்லை.

ஆனால் குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொம்மைக்கு அந்த நியாயம் இல்லை. சில தாலேட்டுகள் கருவுற்ற எலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, பிறந்த ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகள் சரியாக வளரவில்லை. ஐரோப்பிய நாடுகள் 1999-ல் சிறு குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றைத் தற்காலிகமாகத் தடுத்து, 2005-ல் நிலையான சட்டமே செய்தன. நம் குடலில் உள்ள லிபேஸ் என்ஸைம் டி.இ.எச்.பி.யின் இரண்டு வால்களில் ஒன்றை மட்டும் அறுத்துவிடுகிறது. தீங்கு செய்வதில் பெரும்பங்கு அந்த ஒற்றை வால் பொருளுக்கே என்கிறார்கள். உடல் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். வெளியேறியது எங்கே போகிறது? சாக்கடைக்கு. துணி துவைத்த நீர், தரை கழுவிய நீர், குப்பைமேட்டில் ஊறிய நீர் எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. காவிரியின் நீரிலும் அடியில் படிந்த வண்டலிலும் தாலேட்டுகள் இருப்பதை 2015-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டி.இ.எச்.பி. நீரில் ஏறத்தாழக் கரையாது. மண்ணோடும் எண்ணெய்ப் பசையோடும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஆகவே அதன் கதி ஆற்றின் மேல்நீரில் அன்று, சேற்றில்தான் முடிவாகிறது.

சேற்றில் ஒரு சங்கடம் உண்டு. காற்றுப்படும் இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பென்சீன் வளையத்தை உடைக்க ஆக்சிஜனையே கருவியாகப் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜன் அணுக்களை வளையத்தில் செருகி அதை வலுவிழக்கச் செய்து பிளக்கின்றன. ஆனால் குளத்துச் சேற்றில் மேலே உள்ள மெல்லிய படலத்தைத் தாண்டினால் ஆக்சிஜன் இல்லை. கோபர் கேஸ் தொட்டியிலும் இல்லை. கருவி இல்லாத அந்த இடத்தில் உறுதியான வளையத்தை யார் உடைப்பது?

எங்கள் விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் பழைய கோபர் கேஸ் தொட்டி ஒன்று உள்ளது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் ஊர் ஊராகப் பரப்பிய மாதிரி. சாணக் கரைசலின் மேல் இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும், எரிவாயு சேரச் சேர டிரம் எழும்பும். நாங்கள் ஒரு பெரிய திட்டத்தோடு சிஸ்டரிடம் போனோம். "சிஸ்டர், அந்த உறையைத் துண்டாக்கித் தொட்டியில் போட்டுப் பார்க்கலாமா?"

"போடலாம். பாக்டீரியா அதைத் தின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

"கேஸ் வரும், சிஸ்டர்."

"சாணத்திலிருந்து தினமும் வருகிறதே, அது எது, இது எது?"

பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒரே அளவு சாணக் கரைசல் ஊற்றி, ஒன்றில் மட்டும் உறையின் சிறு துண்டுகளைப் போட்டு, இரண்டின் வாயிலும் பலூன் கட்டினோம். ஆய்வகத்தில் தீச்சுடர் இல்லாத மூலையில் இரண்டு மாதம் வைத்தோம். வாரம் ஒரு முறை நூலால் பலூனின் சுற்றளவை அளந்தோம். இரண்டும் ஒன்றுபோலவே ஊதின. கடைசியில் வேறுபாடு நூலின் பருமன் அளவுதான். விடுதி அக்காமார் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் சொன்னதுதான் மிச்சம்.

சோதனை தோற்றதா என்றால், நாங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. காரணங்களைப் பின்னால் அறிந்தோம். சாணமே தரும் வாயுவின் அளவுக்கு முன் எங்கள் துண்டுகள் தரக்கூடியது ஒன்றுமில்லை. பலூனின் ரப்பர் வழியாக வாயு கசியும். முக்கியமாக, இளக்கி முதலில் பிளாஸ்டிக்கை விட்டு வெளியே வர வேண்டும்; உறைக்குள் இருப்பதைப் பாக்டீரியா தொட முடியாது. ஆயினும் இரண்டு புட்டி வைத்தது சரியான வழிதான். 1984-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன், பாய்ட், டீஜே ஆகியோர் கழிவுநீர் நிலையத்தின் சேற்றைக் காற்றுப்புகாத புட்டிகளில் அடைத்து இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் பிளாஸ்டிக்கைப் போடவில்லை, தாலேட்டையே நேராகச் சேர்த்தார்கள். அது எவ்வளவு குறைந்தது என்பதையும் தனியே அளந்தார்கள். குட்டை வால் தாலேட்டுகள் மீத்தேனாகவும் கார்பன்-டை-ஆக்ஸைடாகவும் மாறிப்போயின. கிளை விட்ட நீள வால் கொண்ட டி.இ.எச்.பி. அப்படியே கிடந்தது.

காற்றில்லாத இடத்திலும் பென்சீன் வளையம் உடையும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த செய்தி. இலினாய் மாநிலத்தில் ஆர்தர் பஸ்வெல்லும் அவருடைய துணைவரும் 1934-லேயே பென்சோயிக் அமிலம் சாக்கடைச் சேற்றில் மீத்தேனாவதை எழுதினார்கள். எப்படி உடைகிறது என்பது மட்டும் பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. அந்தப் புதிர் தென்மேற்கு ஜெர்மனியின் இரண்டு ஊர்களில், ஃபிரைபர்கிலும் கான்ஸ்டன்ஸிலும், பெரும்பாலும் அவிழ்ந்தது. அவர்கள் ஆராய்ந்த பாக்டீரியாக்களில் ஒன்று தவுரா. ருடால்ஃப் தவுவர் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாரின் பெயரைத் தாங்கியது. இது ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும்.

மறுபடி மைதானத்துக்கு வருவோம். முதல் வேலை, வால்களை அறுப்பது. எஸ்டரேஸ் என்னும் என்ஸைம் நீர் மூலக்கூறைக் கொண்டே இதைச் செய்துவிடும், ஆக்சிஜன் வேண்டாம். நம் குடல் ஒரு வாலோடு நிறுத்திக்கொள்கிறது, பாக்டீரியாக்கள் இரண்டையும் அறுக்கின்றன. இப்போது மிஞ்சுவது பை மாட்டிய இரண்டு பேர் உள்ள வட்டம், அதாவது தாலிக் அமிலம்.

இரண்டாவது வேலையில்தான் அதிசயம் இருக்கிறது. ஒரு பையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் வளையத்தை ஆயத்தப்படுத்த, ஒரு பையில் கோ-என்ஸைம் ஏ என்னும் கைப்பிடியைப் பாக்டீரியா மாட்டுகிறது. ஃபிரிட்ஸ் லிப்மன் இதைக் கண்டறிந்ததற்காக 1953-ல் நோபல் பரிசு பெற்றார். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இது உண்டு. ஆனால் தாலிக் அமிலத்தில் இரண்டு பைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே! கைப்பிடி மாட்டிய மாத்திரத்தில் பக்கத்துப் பை கை நீட்டி அதைத் தட்டிவிடுகிறது. கைப்பிடி கீழே விழுகிறது. மாட்டச் செலவழித்த ஆற்றல் வீண். தாலாயில் கோ-என்ஸைம் ஏ எனப்படும் இந்தப் பொருளைச் சோதனைக் குழாயில் வைத்தால் சில நிமிடங்களில் பாதி சிதைந்துவிடும். மைதானத்தில் இந்த வேடத்தில் நின்ற இருவரும் உண்மையிலேயே ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

இப்படி ஒரு வழியை யாராவது தெரிந்தே தேர்ந்தெடுப்பார்களா? ஃபிரைபர்கில் மத்தியாஸ் போல் என்பவரின் குழுவினர் 2017, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் பாக்டீரியா இதைச் சமாளிக்கும் விதத்தைக் காட்டினார்கள். அது கைப்பிடியை உறுதியாக்க முயல்வதில்லை. பையைக் கழற்றும் என்ஸைமை அளவுக்கு மீறி உண்டாக்கிச் செல்லுக்குள் நிரப்பி வைத்துக்கொள்கிறது. நிலையற்ற அந்தப் பொருள் பிறந்ததும், சிதைவதற்கு முன்பே, அருகில் காத்திருக்கும் என்ஸைம் பிடித்துவிடும். பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதபோது வலை முழுவதும் ஆள் நிறுத்துவது போல. கார்பாக்ஸில் தொகுதி கார்பன்-டை-ஆக்ஸைடாகக் கழன்று போக, பென்சாயில் கோ-என்ஸைம் ஏ மிஞ்சுகிறது. ஒற்றைப் பை, ஒற்றைக் கைப்பிடி. தட்டிவிடப் பக்கத்தில் யாரும் இல்லை.

இந்த என்ஸைம் புதிதாக வானத்திலிருந்து விழுந்ததல்ல. செல்கள் யுபிகுவினோன் என்னும் தேவையான பொருளைத் தயாரிக்க உதவும் ஒரு பழைய என்ஸைம் குடும்பத்தின் உறவு இது. தாலேட்டுகள் தொழிற்சாலைகளில் பெருமளவு உற்பத்தியாகி ஏறத்தாழ நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. பழைய கருவி ஒன்று அந்தக் குறுகிய காலத்தில் புதிய வேலைக்குத் திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வேலை இன்னும் செப்பமாகவில்லை. அதனால்தான் இத்தனை என்ஸைமை வீணாக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லலாம். இது எங்கள் ஊகம். சிஸ்டர் "ஊகம் என்று எழுதிவிடுங்கள்" என்றார்.

மூன்றாவது வேலை வளையத்தையே உடைப்பது. தவுராவில் இதைச் செய்யும் என்ஸைமை 1995-ல் போலும் அவருடைய ஆசிரியர் கியோர்க் ஃபுக்ஸும் பிரித்தெடுத்தார்கள். வளையத்தில் எலெக்ட்ரான்களைத் திணித்து அதன் உறுதியைக் குலைக்கிறது அது. செல்லின் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகளில் இரண்டை ஒவ்வொரு வளையத்துக்கும் செலவழிக்க வேண்டும். நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு அது கட்டுப்படியாகும். அதைவிட வறுமையில், கண்டிப்பாகக் காற்றில்லா இடத்தில் மட்டும் வாழ்பவை அவ்வளவு செலவு செய்ய முடியாது. அவற்றில் ஏ.டி.பி. கேட்காத வேறோர் என்ஸைம் இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் உலோகம் டங்ஸ்டன். பழைய குண்டு பல்பின் இழை என்று பாடத்தில் படித்தோமே, அதே டங்ஸ்டன். அதன்பிறகு வளையம் நீரால் திறந்து, கொழுப்பு அமிலங்கள் சிதைவது போலத் துண்டு துண்டாகி அசெட்டிக் அமிலம் வரை வந்துவிடுகிறது.

கோபர் கேஸ் தொட்டியைப் போல நைட்ரேட்டும் இல்லாத இடத்தில் ஒரே உயிரால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலைகளின் கழிவுநீரில் டெரிதாலிக் அமிலம் வரும். அதில் இரண்டு பைகளும் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். இதைச் சிதைக்கும் பெலோடோமாக்குலம் என்னும் பாக்டீரியாவை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் விவரித்தார்கள். அந்த அமிலத்தைத் தனியாக வைத்து அதனால் பிழைக்க முடியவில்லை. அது வெளியேற்றும் ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு மீத்தேன் ஆக்கும் இன்னொரு உயிர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் தேங்கினால் வேலை நின்றுவிடும். இந்த மீத்தேன் உயிர்களையும் நாம் பழக்கத்தில் பாக்டீரியா என்கிறோம். கார்ல் வூஸ் 1977-ல் இவை ஆர்க்கியா என்னும் தனி இனம் என்று காட்டிவிட்டார். சோறு பொங்கும் நம் விடுதி அடுப்பின் நீலச் சுடர் இந்தக் கூட்டு வேலையால் வருவதே.

ஆகவே சேறு தாலேட்டைச் சிதைக்கிறது என்பது உண்மை. அதைக் கேட்டதும் எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது; ஆறுதலாகவும் இருந்தது. சிஸ்டர்தான் 1984-ஆம் ஆண்டுப் புட்டிகளை மறுபடி நினைவுபடுத்தினார். அப்படியே கிடந்தது எது? நாம் மிக அதிகமாகக் கொட்டிய டி.இ.எச்.பி. கைப்பிடி, டங்ஸ்டன் எல்லாம் பிந்திய கதை. அதன் வால் அறுபடும் முதல் வாசலே எளிதில் திறப்பதில்லை. நீரில் கரையாததால் அது சேற்றின் பசையோடு ஒட்டிக் கிடக்கிறது, பாக்டீரியாவின் அருகே வருவதே கடினம். வந்தாலும் கிளை விட்ட வால் எஸ்டரேஸுக்கு இடைஞ்சல்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கழிவுநீர் நிலையங்களில் செரித்து முடிந்த சேறு பல நாடுகளில் வயலுக்கு எருவாகப் போகிறது. டென்மார்க் நாட்டில் 2000-ஆம் ஆண்டுமுதல், உலர்ந்த எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் டி.இ.எச்.பி. உள்ள சேற்றை வயலில் இடக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். காற்றில்லாத தொட்டியில் செரித்த பின்பும் அது மிச்சமிருந்ததே இதற்குக் காரணம். அத்தகைய சேற்றை வெளியே எடுத்துக் காற்றோட்டமாகக் குவித்து மக்க வைத்தால் காற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மேலும் குறைக்கின்றன. காற்றில்லா வேலையும் காற்றுள்ள வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டியிருக்கிறது.

எங்கள் தொட்டியின் கழிவுக் கரைசல் விடுதியின் கீரைப் பாத்திக்குத்தான் போகிறது. சாணத்தில் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தோட்டக்காரத் தாத்தாவிடம் விசாரித்தபோது, வெயிலில் விறைத்து உடைந்த பச்சைக் குழாயின் துண்டுகள் சாணத்தோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுவதுண்டு என்றார். கிழிந்த மழைக்கோட்டு ஒன்று அங்கே போன கதையும் தெரியவந்தது. "உள்ளே எல்லாம் மக்கிப் போகும்னு நெனச்சேன் பாப்பா" என்றார். நாங்களும் ஓர் ஆண்டுக்கு முன் அப்படித்தான் நினைத்திருப்போம். தாத்தாவோடு சேர்ந்து தொட்டியின் வாயில் கம்பி வலை கட்டினோம். சாணம் கரைக்கும் இடத்திலேயே துண்டுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் போடுகிறோம்.

டிசம்பர் மாதம் சாக்கு நிறைந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் வந்தபோது உடைந்த வாளியையும் துருப்பிடித்த கம்பியையும் எடுத்துக்கொண்டு, குழாய்த் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்குவார் இல்லையாம். சாக்கு இன்னும் தொட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறது. தோழியின் அம்மா புதிய நகல் எடுத்துவிட்டார். இம்முறை அதைப் பழுப்புக் காகித உறையில் வைத்திருக்கிறாராம்.